எழுத்து ஏறாத பிள்ளைக்கு வீட்டுப் பாடம்



"வாயைத் திறந்தால் ஊர்க்கதை எல்லாம் சொல்கிறான் சார். புத்தகத்தைத் திறந்தால் ஊமையாகி விடுகிறான்." தோட்டப் பள்ளியில் பணியாற்றும் நமக்கு இந்தச் சொற்கள் மிகவும் பழக்கமானவை. விடியற்காலை பிரட்டுக்குப் போய், பால்மரம் வெட்டியோ செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கியோ திரும்பி, குளித்த ஈரம் காயாமலே பள்ளி வாசலில் வந்து நிற்கும் தாய் சொல்லும் சொற்கள் இவை. அவளுக்குத் தன் பிள்ளை முட்டாள் அல்லன் என்பது நன்றாகத் தெரியும். ஆனால் தேர்ச்சி அறிக்கை வேறு விதமாகச் சொல்கிறது. எதை நம்புவது என்று தெரியாமல் தவிக்கிறாள்.

தாயின் கணிப்பே பல வேளைகளில் சரியாக இருக்கிறது என்பதைச் சொல்லவும், அப்படிப்பட்ட பிள்ளைக்கு மாலை வேளையில் வீட்டிலேயே எப்படிப் பாடம் சொல்லித் தரலாம் என்பதை விளக்கவுமே இன்று வந்திருக்கிறோம்.

முதலில் அந்தப் பிள்ளையைக் கவனித்துப் பாருங்கள். வயது எட்டு ஆகிறது; இரண்டாம் ஆண்டில் படிக்கிறான். 'மரம்' என்ற சொல்லை 'மாம்' என்று படிக்கிறான். நேற்று நன்றாகப் படித்த சொல்லை இன்று முதன்முறை பார்ப்பது போல விழிக்கிறான். படத்தைப் பார்த்துக் கதையை ஊகித்துச் சொல்லிவிடுகிறான். படத்தைக் கையால் மறைத்தால் நின்றுவிடுகிறான். எழுதச் சொன்னால் புள்ளியை விட்டுவிடுகிறான், கொம்பை விட்டுவிடுகிறான். எழுத்துக்கள் கோட்டுக்கு மேலேயும் கீழேயும் ஏறி இறங்குகின்றன. பென்சிலை நெருக்கிப் பிடித்து, தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி எழுதுகிறான். நான்கு வரி எழுதியதும் "கை வலிக்குதும்மா" என்கிறான். நாம் அதைச் சாக்கு என்று நினைக்கிறோம். அது சாக்கு அன்று. அவன் கை உண்மையாகவே வலிக்கிறது.

படிப்பதில் வரும் இந்த இடர்ப்பாட்டை டிஸ்லெக்சியா என்றும், எழுதுவதில் வருவதை டிஸ்கிராபியா என்றும் கல்வியாளர் கூறுகிறார்கள். இரண்டும் ஒரே பிள்ளைக்கு இருப்பதுண்டு. பெயரைக் கேட்டு ஏதோ பெரிய வியாதி என்று அஞ்ச வேண்டாம். சொல்லில் சிரமம், எழுதுவதில் சிரமம் என்பதுதான் கிரேக்க மொழியிலிருந்து வந்த அந்தப் பெயர்களின் பொருள்.

இது புதிதாகக் கிளம்பிய சங்கதியும் அன்று. 1896-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர், பெர்சி என்ற பதினான்கு வயதுப் பையனைப் பற்றி மருத்துவ இதழொன்றில் எழுதினார். நல்ல புத்திசாலிப் பையன். விளையாட்டில் யாருக்கும் இளைத்தவன் அல்லன். 749-ஐ 867-ஆல் பெருக்கச் சொன்னபோது விரைவாகவும் சரியாகவும் பெருக்கிக் காட்டினான். ஆனால் ஆண்டுக் கணக்கில் பாடம் சொல்லிக் கொடுத்தும் அவனால் படிக்க முடியவில்லை. தன் பெயரை எழுதச் சொன்னால் எழுத்துக்களை இடம் மாற்றி 'பிரெசி' என்று எழுதினான். பிழை என்று அவனுக்கே தெரியவில்லை. பாடங்கள் முழுவதும் வாய்மொழியாகவே நடக்குமானால் பள்ளியிலேயே கெட்டிக்கார மாணவன் இவனாகத்தான் இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் கூறியதாக அம்மருத்துவர் பதிவு செய்திருக்கிறார். நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இன்றும் நம் தோட்டங்களில் எத்தனை பெர்சிகள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்!

இதற்குக் காரணம் என்ன? சோம்பல் காரணம் அன்று. தாய் தகப்பன் படிக்காததும் காரணம் அன்று. பேச்சில் வரும் ஒலிகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பிடித்து, அவற்றை எழுத்தோடு இணைக்கும் வேலையை மூளை செய்கிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்த இணைப்புச் சீக்கிரமே ஏற்பட்டுவிடுகிறது. சில பிள்ளைகளுக்கு அது மெதுவாக, மிகுந்த முயற்சியின்பேரில்தான் ஏற்படுகிறது. இது பிறவியிலேயே அமைவது. குடும்பத்தில் தொடர்ந்து வருவதும் உண்டு. பிள்ளையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே தகப்பனார் மெல்லிய குரலில், "எனக்கும் இப்படித்தான் சார் இருந்தது, அதனால்தான் நான் ஆறாம் ஆண்டோடு நின்றுவிட்டேன்" என்று சொன்னதை நாம் கேட்டிருக்கிறோம். ஒரு தலைமுறைக்குப் பெயர் தெரியாமலே போய்விட்ட இடர்ப்பாடு அது.

நூறு பிள்ளைகளில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு இது ஓரளவேனும் இருக்கிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அப்படியானால் முப்பது பேர் உள்ள வகுப்பில் இரண்டு மூன்று பேர் இருக்கக்கூடும்.

கண்ணாடி போட்டால் சரியாகிவிடுமா என்று கேட்பார்கள். கண்ணையும் காதையும் ஒருமுறை சோதித்துப் பார்ப்பது அவசியம். பார்வை மங்கல் என்றால் கண்ணாடி வேண்டியதுதான். ஆனால் டிஸ்லெக்சியா கண்ணில் உள்ள குறை அன்று. அதைக் கண்ணாடி போக்காது. தாயத்துக் கட்டுவோரும் உண்டு. வல்லாரைத் துவையல் அரைத்துக் கொடுப்போரும் உண்டு. வல்லாரை நல்ல கீரைதான், தாராளமாகக் கொடுங்கள். ஆனால் அது 'ன'-வுக்கும் 'ண'-வுக்கும் உள்ள வேறுபாட்டைக் கற்றுத் தராது. ரோத்தானும் கற்றுத் தராது. அடிக்குப் பயந்து பிள்ளை பாடத்தை மனப்பாடம் செய்து, பக்கத்தைப் பார்த்துப் படிப்பது போல நடிக்கப் பழகும், அவ்வளவுதான்.

வீட்டுப் பாடம் என்று நாம் இங்கே சொல்வது, பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டில் வைத்துக்கொள்வதை அன்று. நம் நாட்டில் 2003-ஆம் ஆண்டு முதல் தொடக்கக் கல்வி சட்டப்படி கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. பிள்ளை பள்ளிக்கு வரட்டும். நாம் பேசப்போவது மாலையில் அடுப்படியிலோ ஐந்தடியிலோ உட்கார்ந்து சொல்லித் தரும் அந்தப் பதினைந்து இருபது நிமிடப் பாடத்தைப் பற்றி. அதற்கு மேல் வேண்டாம். பகல் முழுதும் பள்ளியில் போராடிவிட்டு வந்த பிள்ளை அது. நீங்களும் களைத்துப் போயிருக்கிறீர்கள். இரண்டு மணி நேரம் உட்கார வைத்தால் அழுகையும் அதட்டலும்தான் மிஞ்சும். தினமும் கால் மணி நேரம் என்பது, ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் என்பதைவிட எவ்வளவோ மேல்.

அந்தக் கால் மணி நேரத்தில் ஒன்றைத் தெளிவாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். படிக்கக் கற்றல் ஒரு வேலை. எழுதக் கற்றல் இன்னொரு வேலை. அறிவியலோ கணிதமோ வரலாறோ கற்றல் மூன்றாவது வேலை. மற்றப் பிள்ளைகள் மூன்றையும் ஒரே மூச்சில் செய்துவிடுகிறார்கள். இந்தப் பிள்ளைக்கு மூன்றையும் பிரித்துத் தர வேண்டும். அறிவியல் சொல்லிக் கொடுக்கும்போது எழுத்துப் பிழையைப் பிடித்துக்கொண்டு நின்றால் அறிவியலும் போகும், எழுத்தும் போகும்.

நம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். நான்காம் ஆண்டு. மூன்று வரி சேர்ந்தாற்போல் படிக்க மாட்டான். சோதனைத் தாளில், பால்மரத்தை ஏன் விடியற்காலையில் வெட்டுகிறார்கள் என்று ஒரு கேள்வி. தாளில் அவன் ஒன்றும் எழுதவில்லை, சுழியன்தான். பிறகு தனியே அழைத்து அதே கேள்வியை வாயால் கேட்டோம். "குளிர்ச்சியாக இருக்கும்போது பால் நன்றாக ஓடும் சார். வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். மழை பெய்தால் பட்டை நனைந்து பால் கோப்பைக்குள் போகாமல் மரத்தில் வழிந்துவிடும், அதனால்தான் மழைக்காலத்தில் அம்மாவுக்குச் சம்பளம் குறைகிறது" என்றான். கேட்டதற்கு மேலேயே சொன்னான். அறிவு அவனிடம் இருந்தது. தாளுக்கு வர வழிதான் இல்லை.

சரி, படிப்பை எப்படிச் சொல்லித் தருவது?

எழுத்துக்கு முன்னால் ஒலி. இதற்குப் புத்தகமே வேண்டாம். அரிசி களையும்போதும் துணி மடிக்கும்போதும் செய்யலாம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் செய்யலாம். "மரம் என்று சொல். முதல் ஒலியை எடுத்துவிட்டுக் 'க' போடு, என்ன வரும்?" கரம். "'வ' போடு." வரம். "'ப' போடு." பரம். தரம், சரம் என்று போய்க்கொண்டே இருக்கலாம். பிள்ளைகள் இதை விளையாட்டாகவே எடுத்துக்கொள்வார்கள். அடுத்து, ஒரு சொல்லில் எத்தனை ஒலித்துண்டு என்று கைதட்டி எண்ணச் சொல்லுங்கள். அம்-மா, இரண்டு தட்டு. குறிலையும் நெடிலையும் பிரிப்பது இந்தப் பிள்ளைகளுக்குக் கடினம். அதற்குக் கையைப் பயன்படுத்துங்கள். 'படம்' என்னும்போது இரண்டு உள்ளங்கைகளையும் அருகருகே வைக்கட்டும்; 'பாடம்' என்னும்போது அகல விரிக்கட்டும். விடு, வீடு. எடு, ஏடு. குடை, கூடை. கொடு, கோடு. ஒலியின் நீளம் காதுக்குப் பிடிபட்ட பிறகுதான் துணைக்காலும் கொம்பும் எதற்காக இருக்கின்றன என்பது அவனுக்கு விளங்கும்.

இனி எழுத்து. தமிழில் 247 எழுத்துக்கள் என்று சொல்லி, சுவரில் பெரிய அட்டையை மாட்டி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒப்பிக்கச் சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. மற்றப் பிள்ளைகளுக்கு அது எப்படியோ, இந்தப் பிள்ளைக்கு அது பயனற்றது என்பதே நம் கருத்து. அவன் பாட்டுப் போல் ஒப்பித்துவிடுவான்; நடுவில் ஓர் எழுத்தைத் தொட்டுக் கேட்டால் தெரியாது. உண்மையில் அவன் அறிய வேண்டியவை பன்னிரண்டு உயிரும், பதினெட்டு மெய்யும், ஆய்தமும், விரல்விட்டு எண்ணக்கூடிய துணைக்குறிகளுமே. உகர ஊகார வரிசை மட்டும் விலக்கு. 'கு' ஒரு விதம், 'சு' ஒரு விதம், 'து' ஒரு விதமாக உருமாறுகின்றன. அவற்றைத் தனியே, பிற்பாடு, பொறுமையாகப் பழக்க வேண்டும். மற்றவை எல்லாம் ஒரே சட்டத்துக்கு உட்பட்டவை. முன்பு 'ணா', 'றா', 'னா', 'லை' முதலிய பதின்மூன்று எழுத்துக்களுக்குத் தனி வடிவங்கள் இருந்தன. 1978-இல் தமிழ்நாட்டு அரசு அவற்றைச் சீர்படுத்தி, பின்னர் அந்தச் சீர்திருத்தம் இங்கும் வழக்கில் வந்தது. அதற்கு முன் படித்த தாத்தா பாட்டிமார் பழைய வடிவத்தில் எழுதிக் காட்டி இந்தப் பிள்ளையைக் குழப்ப வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.

நாட்காட்டித் தாளின் பின்புறமோ பழைய அட்டைப் பெட்டியோ போதும். உள்ளங்கை அளவு சீட்டுக்களாக வெட்டி, ஒரு சீட்டில் ஓர் எழுத்து என்று பெரிதாக எழுதுங்கள். ட, ப, ம என்று மூன்றே எழுத்தில் தொடங்குங்கள். புள்ளி வைத்த மகரமும் சேர்ந்தால் படம், மடம் என்று இரண்டு சொற்கள் கிடைக்கின்றன. மூன்றும் நன்றாகப் பதிந்த பிறகு நான்காவது. ஒருவாரம் ஆனாலும் சரி, ஒரு மாதம் ஆனாலும் சரி. ஒரே சாயலில் இருக்கும் எழுத்துக்களை, 'ப'-வையும் 'ய'-வையும், 'ல'-வையும் 'வ'-வையும், 'ன'-வையும் 'ண'-வையும், ஒரே நாளில் கற்பிக்காதீர்கள். ஒன்று உறுதியான பின்னரே அதன் இரட்டை வரலாம்.

துணைக்குறிகளைச் சிவப்புப் பென்சிலால் தனிச் சீட்டில் எழுதுங்கள். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. 'மரம்' என்பதை 'மாம்' என்று ஏன் படிக்கிறான்? 'ர' எழுத்தும் துணைக்காலும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. துணைக்கால் எப்போதும் சிவப்பு, 'ர' எப்போதும் கறுப்பு என்று சில மாதம் வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் வெகுவாகக் குறையும். அடுத்தது, 'கொ', 'கே', 'கை' முதலியவை. வாய் முதலில் சொல்வது 'க்' என்னும் ஒலியை. கண் முதலில் காண்பதோ இடப்பக்கத்துக் கொம்பை. ஒலியும் எழுத்தும் முன்பின்னாக நிற்கின்றன. நமக்கு இது தோன்றுவதே இல்லை, பழகிவிட்டோம். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு இது பெரிய முட்டுக்கட்டை. ஆகவே 'க' சீட்டை முதலில் நடுவில் வைக்கச் சொல்லுங்கள். "கோ வேண்டும்" என்றால், நடுவில் 'க' வைத்து, பிறகு இடப்பக்கம் இரட்டைக்கொம்பும் வலப்பக்கம் துணைக்காலும் அவன் கையாலேயே வைக்கட்டும். வைத்துவிட்டு உரக்கச் சொல்லட்டும். பத்து நாள் இப்படி வைத்து எடுத்தால் கொம்பு அவனை மிரட்டாது.

மணலில் எழுதுவதும் நமக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணலைப் பரப்பி, எழுத்தின் பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதப் பழக்கினார்கள். இன்றும் விஜயதசமியன்று பச்சரிசியில் குழந்தையின் விரலைப் பிடித்து எழுத வைக்கிறோம். அமெரிக்காவில் சாமுவேல் ஆர்ட்டன் என்ற மருத்துவரும் ஆன்னா கில்லிங்காம் என்ற ஆசிரியையும் 1930-களில் இத்தகைய பிள்ளைகளுக்கென்று வகுத்த முறையும் கண், காது, கை மூன்றையும் ஒரே நேரத்தில் ஈடுபடுத்துவதையே அடிப்படையாகக் கொண்டது. நம் முன்னோர் எல்லாப் பிள்ளைக்கும் செய்ததை அவர்கள் இந்தப் பிள்ளைக்கு ஒழுங்குபடுத்திக் கொடுத்தார்கள் என்று கொள்ளலாம். ஒரு தட்டில் மெல்லிய மணலோ அரிசி மாவோ பரப்புங்கள். பிள்ளை எழுத்தின் ஒலியைச் சொல்லிக்கொண்டே ஆள்காட்டி விரலால் எழுதட்டும். பால்மரக் கொட்டையையோ புளியங்கொட்டையையோ எழுத்து வடிவில் அடுக்கட்டும். ஒலியைச் சொல்லாமல் வெறுமனே எழுதினால் அது கோலம் போடுவது போல, பயன் பாதிதான்.

எழுதும் கையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். டிஸ்கிராபியா உள்ள பிள்ளைக்கு எழுத்து வடிவத்தை நினைவிலிருந்து கைக்குக் கொண்டுவருவதே பெரும் பாடு. அதோடு பென்சிலை அடக்க வேண்டும், கோட்டைப் பார்க்க வேண்டும், சொல்லுக்கிடையே இடம் விட வேண்டும். பென்சில் தடிமனாக இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பழைய சைக்கிள் டியூபில் ஒரு விரற்கடை அகலத்துக்குத் துண்டு வெட்டிப் பென்சிலில் சுற்றிக் கட்டுங்கள். விரல் வழுக்காது, இறுக்கிப் பிடிக்கவும் வேண்டியதில்லை. தரையில் குப்புறப் படுத்து எழுதுவதை விட, பலகையைச் சற்றுச் சாய்வாக நிறுத்தி, கால் தரையில் ஊன்றும்படி உட்கார்ந்து எழுதுவது கைக்கு இதம். ஒற்றைக்கோடு வேண்டாம், கணக்குக்குப் பயன்படுத்தும் பெரிய கட்டப் புத்தகத்தில் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்தாக எழுதட்டும். சொல் முடிந்தால் ஒரு கட்டத்தைக் காலியாக விடட்டும்.

பத்து வரி பார்த்தெழுதும் வேலையை வீட்டில் மூன்று வரியாகக் குறையுங்கள். மூன்றும் நன்றாக இருக்கட்டும். சொல்வதெழுதுதலில் பத்துச் சொல் கொடுக்காமல் இரண்டு கொடுங்கள். தண்டனையாக ஒரே வாக்கியத்தை ஐம்பது முறை எழுத வைப்பதை அறவே விட்டுவிடுங்கள். ஐம்பதாவது முறை எழுதும்போது அந்த எழுத்து முதல் முறையைவிட மோசமாக இருப்பதை நீங்களே காணலாம். திருத்தும்போது பிழைகளை எல்லாம் சிவப்பு மையால் வட்டமிட்டுப் பக்கத்தையே புண்ணாக்க வேண்டாம். சரியாக எழுதிய சொல்லுக்கு ஒரு குறி போடுங்கள். பிழையில் ஒன்றை மட்டும் எடுத்துப் பேசுங்கள், இன்றைக்குப் புள்ளி, நாளைக்குக் கொம்பு என்று.

மலாய்ப் பாடம் ஒருவகையில் எளிது. எழுதியபடியே படிக்கலாம், சொற்களைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கைதட்டவும் வசதி. ஆனால் ரோமன் எழுத்தில் சிறிய 'பி'யும் 'டி'யும் கண்ணாடியில் பார்த்தது போல ஒன்றுக்கொன்று எதிராக இருக்கின்றன. இரு கைகளிலும் விரல்களை மடக்கி, பெருவிரலை மட்டும் நிமிர்த்தி, இரண்டு முட்டியையும் எதிரெதிரே சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். இடக்கை 'பி', வலக்கை 'டி'. சோதனை மண்டபத்திலும் அந்தக் கை அவனோடு வரும்.

இப்போது மூன்றாவது வேலை, அதாவது பாடங்களின் பொருள். இங்கே பிள்ளையின் காதையும் வாயையும் நம்புங்கள். அறிவியல் பாடத்தை அக்காளோ அண்ணனோ உரக்கப் படிக்கட்டும். படிப்பதற்கு ஆளில்லை என்றால் இருக்கவே இருக்கிறது கைப்பேசி. படிக்கத் தெரிந்த ஒருவர் ஒருமுறை படித்துப் பதிவு செய்துவிட்டால் அவன் பத்து முறை கேட்கலாம். பல கைப்பேசிகளில் நாம் பேசுவதைத் தமிழிலும் மலாயிலும் எழுத்தாக்கும் வசதியும் வந்துவிட்டது. கைப்பேசியைப் பிள்ளையிடமிருந்து பிடுங்குவதே நம் வேலையாகிவிட்ட காலத்தில் இதைச் சொல்வது விந்தையாகத் தோன்றலாம். ஆனாலும் இந்தப் பிள்ளைக்கு அது உதவும் கருவி. கேட்டு முடித்ததும், "எனக்குப் புரியவில்லை, நீ சொல்லித் தா" என்று கேளுங்கள். அவன் சொல்வதை நீங்கள் எழுதுங்கள். உங்களுக்கு எழுத வராது என்றால் மூத்த பிள்ளை எழுதட்டும். பிறகு அவன் சொன்ன அதே சொற்களையே அவனுக்குப் படிக்கக் கொடுங்கள். கிரேஸ் ஃபெர்னால்டு என்ற அமெரிக்க அம்மையார் 1943-இல் வெளியிட்ட நூலில் இம்முறையை விரிவாக விளக்கினார். தான் சொன்ன கதை, தன் சொற்கள் என்பதால் அடுத்த சொல் என்ன என்பது பிள்ளைக்குத் தெரியும்; படிக்கும் தைரியம் வரும்.

கணக்கிலும் அப்படியே. கூட்டலும் பெருக்கலும் செய்துவிடுவான், "ஒரு கடைக்காரர்..." என்று தொடங்கும் நான்கு வரிக் கணக்கில் தடுக்கி விழுவான். அந்த நான்கு வரியை நீங்கள் படித்துக் காட்டுங்கள். அது அவனுக்குச் சலுகை காட்டுவது ஆகாது. அங்கே சோதிக்கப்படுவது கணக்கு, படிப்பு அன்று.

மேலே சொன்ன அந்தப் பையனின் வீட்டில் தாயார் இரவு சாப்பாட்டுக்கு முன் இப்படித்தான் செய்து வந்தார். தாயாருக்குத் தமிழ் தட்டுத் தடுமாறித்தான் படிக்க வரும். இருவருமாகச் சேர்ந்து படித்தார்கள். ஆறாம் ஆண்டு முடியும்போது அவன் மெதுவாக, விரலை வைத்துக்கொண்டு, ஆனால் தானாகவே ஒரு பக்கம் படித்தான். எழுத்து கோழி கிளறியது போலத்தான் இருந்தது. இன்னும் அப்படித்தான் இருக்கும். இந்த இடர்ப்பாடு முற்றிலும் மறைந்துபோவதில்லை என்பதையும் நாம் மறைக்க விரும்பவில்லை. படிக்கக் கற்றுக்கொண்ட பின்னும் வேகம் குறைவாகவே இருக்கலாம். ஆனால் படிக்கத் தெரியாமல் இடைநிலைப்பள்ளிக்குப் போவதற்கும், மெதுவாகவேனும் படிக்கத் தெரிந்து போவதற்கும் மலைக்கும் மடுவுக்குமுள்ள வேறுபாடு. தமிழ்ப்பள்ளியை விட்டுப் புகுமுக வகுப்பிலோ முதல் படிவத்திலோ உட்காரும்போது பெரும்பாலான பாடங்கள் மலாயில் வருகின்றன. ஓர் எழுத்தும் பிடிபடாத பிள்ளை அங்கே ஓராண்டு, ஈராண்டு சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகு பள்ளிப் பக்கமே போவதில்லை. பதினைந்து வயதில் லாரியில் பழக்குலை ஏற்றிக்கொண்டிருக்கும் கெட்டிக்காரப் பையன்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அந்த வேலையை நாம் இழிவாகச் சொல்லவில்லை. அதைத் தவிர வேறு எதையும் தேர்ந்தெடுக்க அவனுக்கு வழியில்லாமல் போனதைத்தான் சொல்கிறோம்.

பள்ளியிடமும் மருத்துவரிடமும் என்ன கேட்கலாம் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் வகுப்பாசிரியரிடம் பேசிவிட்டு, அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்துக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லலாம். அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிச் சோதிப்பார்கள். டிஸ்லெக்சியா, கற்றல் இடர்ப்பாடு என்னும் பிரிவில் அடங்குகிறது. மருத்துவர் உறுதி செய்தால் சமூக நல இலாகாவில் பதிந்து ஓ.கே.யூ. அட்டை பெறலாம். அட்டை என்றதும் பல பெற்றோர் பின்வாங்குகிறார்கள். "பிள்ளைக்கு ஊனம் என்று முத்திரை குத்திவிடுவார்கள், நாளைக்குப் பெண் கிடைக்காது" என்று அஞ்சுகிறார்கள். இந்த அச்சத்தை நாம் ஏளனம் செய்யவில்லை. தோட்டத்தில் வாய்ப்பேச்சு எப்படிப் பரவும் என்பது நமக்கும் தெரியும். ஆனால் பிள்ளைக்கு ஏற்கெனவே 'மண்டு' என்ற முத்திரை விழுந்துவிட்டது அல்லவா? அதற்கு இது எவ்வளவோ மேல். பதிவு செய்வதும் செய்யாததும் உங்கள் விருப்பம். பதிந்தால் சிறப்புக் கல்வி வகுப்புக்கும் தேர்வுச் சலுகைகளுக்கும் விண்ணப்பிப்பது எளிதாகும். 2013-ஆம் ஆண்டுச் சிறப்புக் கல்வி ஒழுங்குமுறை விதிகள், இத்தகைய மாணவருக்காகக் கற்பிக்கும் முறையையும் நேரத்தையும் துணைக்கருவிகளையும் மாற்றியமைக்க ஆசிரியருக்கு இடம் தருகின்றன. கோலாலம்பூரில் 1994-இல் தொடங்கிய மலேசிய டிஸ்லெக்சியா சங்கமும் உண்டு. பட்டணத்துக்கு அருகில் இருப்பவர்கள் அங்கே விசாரிக்கலாம்.

எல்லாப் பள்ளியிலும் இதை அறிந்த ஆசிரியர் இருப்பார் என்று நாம் உறுதி கூற முடியாது. ஆகவே நீங்களே ஒரு சிறு கடிதம் எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். நீண்ட கடிதம் வேண்டாம். பிள்ளை வீட்டில் எதை நன்றாகச் செய்கிறான் என்று ஒரு வரி. எதில் சிரமப்படுகிறான் என்று ஒரு வரி. பிறகு மூன்று வேண்டுகோள். கரும்பலகைக்கு அருகில் உட்கார வைக்கவும். வகுப்பின் முன்னால் நிறுத்தி உரக்கப் படிக்கச் சொல்ல வேண்டாம், தனியே கேட்கவும். கரும்பலகையில் உள்ளதை முழுவதும் பார்த்தெழுதச் சொல்லாமல், நண்பனின் புத்தகத்தைப் படமெடுத்துக்கொள்ளவோ வீட்டுக்குக் கொண்டுவரவோ அனுமதிக்கவும். கீழே கையெழுத்துப் போட்டு, நகல் ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு வகுப்பாசிரியர் மாறும்போது அதே கடிதத்தை மறுபடியும் கொடுக்க வேண்டி வரும்.